அவையின் நேரம் யாருடையது?

(சென்னை திருவல்லிக்கேணியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

2021 நவம்பர் 29-ஆம் தேதி, மூன்று வேளாண் சட்டங்களையும் ரத்து செய்யும் மசோதா மக்களவைக்கு வந்தது. அதற்குள் டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷமாக வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்திருந்தார்கள். பிரதமரே பத்து நாள் முன்னால் தொலைக்காட்சியில் வந்து சட்டங்களை வாபஸ் வாங்குகிறோம் என்று அறிவித்துவிட்டார். ஆளுங்கட்சிக்கும் சம்மதம், எதிர்க்கட்சிகளுக்கும் சம்மதம். எதிர்க்கட்சிகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விவாதம் வையுங்கள். வைக்கவில்லை. மசோதா அறிமுகமாகி, சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. அன்றே மாநிலங்களவையிலும் வேலை முடிந்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு விவாதம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்களை யாரைக் கலந்து கொண்டு வந்தார்கள்? ஏன் இப்போது கைவிடுகிறார்கள்? குறைந்தபட்ச ஆதரவு விலை என்ன ஆகும்? போராட்டக் களத்தில் இறந்து போனவர்களின் குடும்பத்துக்கு என்ன வழி? இதற்கெல்லாம் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். இருபது வருஷம் கழித்து ஒரு மாணவி அதை எடுத்துப் படித்து, அன்றைய அரசு சொன்ன காரணம் இது என்று எழுதியிருக்க முடியும். இப்போது அவள் தேடினால், சட்டம் வந்தது தெரியும், போனது தெரியும். எதனால் என்று அரசு மக்களவை விவாதத்தில் தன் வாயால் சொன்னது கையில் கிடைக்காது.

இதனால்தான் விவாத நேரம் உறுப்பினர்களின் சொந்தச் சொத்து இல்லை என்கிறேன். அது வெளியே இருக்கிற நம்முடையது. ஒரு மசோதா அறிமுகமாவதற்கும் நிறைவேறுவதற்கும் நடுவில் கிடைக்கிற அவகாசத்தில்தான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சங்கக்காரர் அதைப் படிக்கிறார், பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார், ஒரு பத்திரிகையாளர் நான்கு பேரிடம் கேட்டு எழுதுகிறார். அந்த அவகாசத்தைப் பிடுங்கினால் வாய் அடைபடுவது அவர்களுக்குத்தான்.

நேரத்துக்கு வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1881-இல் லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் ஒரு அடக்குமுறை மசோதாவைத் தடுப்பதற்காக விடாமல் பேசினார்கள். 41 மணி நேரம் அவை தொடர்ந்து நடந்தது. கடைசியில் சபாநாயகர் பிராண்ட் தாமாகவே பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட்டார். விவாதத்தை முடித்து வைக்கும் விதியும், குறித்த நேரம் வந்ததும் மிச்சத்தைப் பேசாமலே வாக்கெடுப்புக்கு விடுகிற, 1887-இல் வந்த கில்லட்டினும் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. தலையை வெட்டுகிற கருவியின் பெயரையே நடைமுறைக்கு வைத்தார்கள். நம் மக்களவையிலும் அதே பெயர்தான். பட்ஜெட் தொடரில் குறித்த நாள் வந்ததும், பேசி முடிக்காத மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அரசு அவையிடம் கேட்கிற பணம்) எல்லாவற்றையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார்.

அப்படி ஒரு கருவி கையில் இருப்பதில் தவறில்லை. ஆனால் 2023 மார்ச் 23 அன்று என்ன நடந்தது? கிட்டத்தட்ட 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். ரயில்வே, கல்வி, சுகாதாரம், ராணுவம் என்று எந்தத் துறையின் மானியக் கோரிக்கையும் மக்களவையில் விவாதிக்கப்படவில்லை. கூச்சலுக்கு நடுவில் எல்லாம் நிறைவேறியது. மறுநாள் நிதி மசோதாவும் அப்படியே போனது. 2018-லும் இதேதான் நடந்தது. எப்போதாவது எடுக்க வேண்டிய கருவி வழக்கமாகிவிட்டால், வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க ஒரு நாள்கூட மிஞ்சாது.

சரி, நேரம் ஒதுக்கப்படுகிற நாளில் என்ன கிடைக்கிறது? எந்த மசோதாவுக்கு எத்தனை மணி என்பதை அலுவல் ஆய்வுக் குழு தீர்மானிக்கிறது. அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். 543 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. ஒற்றை உறுப்பினர் கட்சிக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. மேடையில் பேசுகிறவர்களுக்குத் தெரியும், அவைத் தலைவருக்கு வணக்கம் சொல்லி விஷயத்துக்கு வரவே ஒரு நிமிடம் ஆகிவிடும். தன் தொகுதி மீனவர் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பிப்பார், மணி அடிக்கும். “ஒரு நிமிஷம் ஐயா” என்பார். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முதல் மக்களவை வருஷத்துக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17-ஆவது மக்களவை கூடியது 55 நாள். மக்கள்தொகை பல மடங்கு பெருகி, அரசு தலையிடாத துறையே இல்லை என்று ஆன காலத்தில் கூடும் நாள் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. முதலில் நாளைக் குறைக்கிறார்கள், அப்புறம் நேரம் போதவில்லை என்று விவாதத்தைக் குறைக்கிறார்கள். அரசியல் நிர்ணய சபையை நினைத்துப் பாருங்கள். பிரிவினையின் ரத்தம் காயாத காலம். அவசரத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் எந்த அரசுக்கும் கிடைக்காது. இருந்தும் 165 நாள் உட்கார்ந்தார்கள். அரசியல் சாசன வரைவுக்கு வந்த திருத்தங்களில் 2,473-ஐ அவையில் எடுத்துப் பேசினார்கள்.

2023 டிசம்பரில் 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மக்களவையில் 100 பேர், மாநிலங்களவையில் 46 பேர். அவர்கள் வெளியே நின்ற அந்த நாட்களில்தான், 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் உட்பட மூன்று குற்றவியல் சட்டங்களுக்குப் பதில் புதிய சட்டங்கள் நிறைவேறின. அந்த மசோதாக்கள் எம்.பி.க்கள் கொண்ட நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போய் வந்தவை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்த நாட்டில் ஒருவரைக் கைது செய்வது முதல் தூக்கில் போடுவது வரை தீர்மானிக்கிற சட்டம், எதிர் வரிசையில் பெரும்பகுதி காலியாக இருந்தபோது நிறைவேறியது. மறு வருஷம் ஜூலை 1-இல் அமலுக்கு வந்தபோது இங்கே வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அவையில் கேட்கப்படாத கேள்வி தெருவுக்கு வந்தது.

ஓட்டு எப்படி விழும் என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். உண்மைதான். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நேர் எதிரானது. ஓட்டு கட்சியுடையதாகிவிட்டது, எஞ்சியிருக்கிற பேச்சு மட்டும்தான் உறுப்பினருடையது. அதையும் சுருக்கினால் அவர் அங்கே போவதற்கே பொருள் இல்லை.

எதிர்க்கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு. 2010 குளிர்காலத் தொடர் 2ஜி விவகாரத்தில் கிட்டத்தட்ட முழுவதுமாக முடங்கியது. இன்று ஆள்கிறவர்கள் அன்று எதிர்க்கட்சி. இன்று விவாதம் கேட்கிறவர்களில் பலர் அன்று ஆட்சியில் இருந்தவர்கள். அவையை முடக்கினால்தான் தன் கேள்வி செய்தியாகும் என்ற நிலை இருக்கும் வரை இது ஓயாது. பிரிட்டனில் ஒரு தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று எதைப் பேசுவது என்று அவர்களே முடிவு செய்யலாம். நம் நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு நாள் கிடையாது. கொண்டு வர வேண்டும்.

டெல்லியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. இங்கிருந்து கோட்டை கூப்பிடு தூரம். 2023 ஏப்ரல் 12 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் அறிமுகமானது. ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாளில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24-இல் அமைச்சர்கள் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அன்றே அமலாக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-இல் மசோதாவையே திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது நல்ல விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் எட்டு மணி நேர வேலை என்பது தொழிலாளி உயிரைக் கொடுத்து வாங்கியது. அதில் கை வைக்கிற மசோதாவைப் பற்றித் தொழிலாளியிடம் பேசியது நிறைவேற்றிய பிறகா? நமக்கு மேலவையும் இல்லை, 1986-லேயே கலைத்துவிட்டோம். இன்னொரு தடவை பார்க்க வேறு அவை இல்லாத மாநிலத்தில் இருக்கிற ஒரே அவை ஆற அமரப் பார்க்க வேண்டாமா?

மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது அதை விரிவாக ஆராயும் உறுப்பினர்கள் குழுவுக்கு, அனுப்பச் சட்டப்பேரவை விதிகளிலேயே வழி இருக்கிறது. அனுப்பியிருந்தால் ஏப்ரல் 24-இல் நடந்த பேச்சு 21-க்கு முன்பே நடந்திருக்கும். மசோதாவின் தமிழ் வடிவத்தை வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள், வேலையையும் நிலத்தையும் தொடுகிற எந்த மசோதாவையும் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று நம் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவோம். இந்தக் கூட்டம் முடிந்ததும் கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். தாளும் பேனாவும் பின்வரிசை மேசையில் இருக்கின்றன.