பாலைவனத்துக்குப் பிள்ளைகளோடு

நேயர்களுக்கு என் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. இந்தத் தடவை பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு பல வீடுகளில் ஆரம்பித்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று பட்டியல் ஓடும். அந்தப் பட்டியலில் பாலைவனத்தையும் எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. ராஜஸ்தானில் இருக்கும் தார் பாலைவனத்துக்கு நாலு முறை போயிருக்கிறேன். நாலு முறையும் சின்னப் பிள்ளைகளோடுதான். முதல் இரண்டு முறை என் பிள்ளைகள், பிறகு தங்கை பிள்ளைகள்.

முதல் முறை புறப்பட்டபோது என் அம்மா கேட்டார்: "பச்சப் புள்ளைங்கள வச்சுக்கிட்டுப் பாலைவனமா? அங்க என்னடி இருக்கு, வெறும் மணலுதானே?"

மணல்தான். ஆனால் உங்கள் தெருவில் யாராவது வீடு கட்ட ஒரு லாரி மணல் இறக்கினால் என்ன நடக்கிறது? பத்து நிமிடத்தில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் மேல் இருப்பார்கள். வீட்டுக்காரர் விரட்டுவார், அவர் தலை மறைந்ததும் திரும்ப வருவார்கள். அங்கே போனால் யாரும் விரட்டாத மணல் மேடு, கண்ணுக்கு எட்டின மட்டும்.

அந்த லாரி மணலை இன்னும் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருங்கள். மேலே எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அது ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும் இல்லையா? பாலைவனத்து மணல் மேடும் அப்படித்தான். காற்று வரும் பக்கம் சாய்வாக, ஏற வசதியாக இருக்கும். மறுபக்கம் ஏறக்குறைய 34 பாகைச் சரிவு. பிள்ளைகள் சறுக்குவது அந்தப் பக்கத்தில்தான். எவ்வளவு பெரிய மேடானாலும் காய்ந்த மணல் அந்தச் சரிவைத் தாண்டி நிற்காது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். முதல் முறை போனபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. என் கணவரும் அத்தையும் உடன் வந்தார்கள். அத்தை விருத்தாசலத்துக்காரர். பிள்ளைகளுக்கு அவர் பாட்டி. டிசம்பர் மாதம். ரயிலில் ஜோத்பூர் வரை போய், அங்கே ஓட்டுநரோடு ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்குப் பொக்ரான் வழியாக சுமார் 280 கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கும், ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகள் இருந்தால் எட்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்துங்கள், இறக்கி விடுங்கள், ஓட விடுங்கள்.

நாங்கள் அன்று நிறுத்தவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு. பிள்ளைகள் சத்தம் போடாமல் வருகிறார்களே, இப்படியே போய்விடலாம் என்று போய்க்கொண்டிருந்தோம். பொக்ரானைத் தாண்டியதும் அத்தைதான் கேட்டார்: "ஏம்மா, புள்ள காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். போகவில்லை. காலை ஆறு மணிக்கு விடுதியில் போனதுதான். திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கவில்லை, சோர்ந்து கிடக்கிறான். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. அழுகிறான், கண்ணில் நீர் இல்லை.

டிசம்பரில், குளிர்காலத்தில், எப்படி இது நடக்கும்? நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு வியர்க்கிறது என்று தெரியும், தண்ணீர் கொடுப்போம். பாலைவனத்துக் காற்று காய்ந்த காற்று. வியர்வை வருவதற்குள் ஆவியாகிவிடும். சட்டை நனையாது, நமக்குத் தெரியாது. குளிராகவும் இருப்பதால் பிள்ளை தாகம் என்று கேட்காது. ஆகவே கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வண்டி நிற்கும்போதெல்லாம் நாலு மடக்கு கொடுங்கள். "ஒண்ணுக்குப் போனானா?" என்ற அத்தையின் கேள்வியைத்தான் நான் இன்றைக்கும் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு போகிறேன். ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் அது எச்சரிக்கை. உடனே மருத்துவரைப் பாருங்கள். பையில் ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால்தான்.

ஓட்டுநர் சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன, கிளைகளையெல்லாம் வெட்டியிருந்தார்கள். இந்த ஒரு மரம் மட்டும் தழையோடு இருந்தது. அதன் நிழலில் துண்டை விரித்துப் பையனைப் படுக்க வைத்தோம். நான் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தை தாழ்ந்திருந்த ஒரு கொப்பை இழுத்துப் பார்த்தார். பொடிப் பொடி இலை, நடுவில் முள். இலையைக் கிள்ளினார், உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார்.

"ஏம்மா, இது நம்ம கோயில் வன்னிமரம்!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓட்டுநரிடம் என் கணவர் அவருக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். "கேஜ்ரி" என்றார் அவர். வீடு திரும்பிப் புத்தகத்தைப் பார்த்தபோது அத்தை சொன்னதே சரியாக இருந்தது. புரோசோபிஸ் சினரேரியா, நம் வன்னி, அவர்களுடைய கேஜ்ரி, இரண்டும் ஒன்றே. ராஜஸ்தான் மாநிலத்தின் மரம். நம் ஊரில் விஜயதசமி அன்று சாமி அம்பு போடுவது இந்த மரத்தடியில்தான். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் இதுதான் தலமரம்.

மரத்தடியில் பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். எழுந்து உட்கார்ந்து, மரத்தின் பின்பக்கம் போய், ஒன்றுக்கும் போய்விட்டு வந்தான். அப்போது எனக்கு வந்த நிம்மதியைப் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டு கதை சொன்னார். விருத்தாசலம் கோயிலை விபசித்து முனிவர் கட்டினாராம். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. வன்னி இலையை உருவி ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறுமாம்.

இந்தக் கதையை என் கணவர் ஓட்டுநருக்குச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே மொட்டை மரங்களைக் காட்டினார். எங்களுக்கும் இந்த இலை பொன்தான், அதனால்தான் கிளைகளை வெட்டியிருக்கிறது, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் குளிர்காலத்தில் இதுதான் தீனி, வேனிலில் மறுபடி தழைத்துவிடும் என்றார். காயை சாங்ரி என்பார்கள், காயவைத்துக் கறி செய்வார்கள். பிறகு அவர் சொன்னது என் மகளை உலுக்கிவிட்டது. ஜோத்பூர் பக்கத்தில் கேஜர்லி என்று ஒரு கிராமம். 1730-இல் ராஜாவின் ஆட்கள் அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளையும் அவளுடைய மூன்று பெண்களையும் வெட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து 363 பேர் மரத்துக்காக உயிர் விட்டார்கள்.

மகள் எழுந்து போய் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கை பாதிதான் எட்டியது.

இன்னொன்று, வன்னிமரம் என்றால் எனக்குப் பேச்சு நிற்காது. வழியெல்லாம் நம் சீமைக்கருவேலும் அங்கே நிற்கிறது. வன்னிக்கு அது ஒன்றுவிட்ட உறவு, வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே அதற்கு விலாயதி பபூல் என்று பெயர். விலாயதி என்றால் சீமை, பபூல் என்றால் கருவேல். நம் பெயரும் அவர்கள் பெயரும் அச்சாக ஒன்று.

ஜெய்சால்மர் கோட்டையைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். 1156-இல் கட்டத் தொடங்கியது, மஞ்சள் கல், இன்றைக்கும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகளோடு அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். கோட்டை, ஹவேலி என்கிற பழைய மாளிகை, ஏரி, மணல் மேடு என்று ஒரே நாளில் அடுக்காதீர்கள். ஊரிலிருந்து 17 கிலோமீட்டரில் ஆக்கல் என்ற இடத்தில் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அதை மட்டும் காட்டுங்கள். இந்த வறண்ட மண்ணில் ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதைப் பிள்ளை தன் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளும்.

மணல் மேட்டுக்குப் பலரும் சாம் என்ற இடத்துக்குப் போவார்கள். அங்கே ஜீப்பும் கூட்டமும் அதிகம். நாங்கள் ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே குரி என்ற கிராமத்துக்குப் போனோம். ஒட்டகம் ஏற விரும்பினால் பெரியவர் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எழும்போது அது பின்னங்காலை முதலில் தூக்கும், முன்பக்கமாகக் கவிழ்க்கும். அப்போது பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். என் மகன் ஏறமாட்டேன் என்றான், விட்டுவிட்டோம். ராத்திரி ஸ்வெட்டர், குல்லாய், கம்பளி எல்லாம் வேண்டும். மேகமும் ஈரமும் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டை மணல் சீக்கிரம் விட்டுவிடும். ஜனவரி இரவுகளில் எட்டு டிகிரிக்குக் கீழேகூட இறங்கும்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது மறுநாள் காலையைத்தான். டிசம்பரில் அங்கே சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் உதிக்கிறது. பிள்ளைகளை அரைத்தூக்கத்தில் எழுப்ப வேண்டியதே இல்லை. வெயில் சாய்வாக விழுகிற அந்த ஒரு மணி நேரம் மணலில் ஒவ்வொரு சுவடும் நிழலோடு எழுந்து தெரியும். பத்து மணிக்குப் போனால் ஒன்றும் தெரியாது. பழைய சுவட்டைக் காற்று மூடிவிடும், ஆகவே தெரிவதெல்லாம் பெரும்பாலும் முந்தின இரவில் பதிந்தது.

"அம்மா, இங்க யாரோ தையல் போட்டிருக்காங்க" என்றாள் மகள். குனிந்து பார்த்தேன். இரண்டு வரிசையாகப் பொடிப் புள்ளிகள், மேட்டின் மேல் வளைந்து வளைந்து போயின. வண்டு நடந்த தடம். கொஞ்சம் தள்ளி, நேர்கோட்டில் ஒன்றன் முன் ஒன்றாக வைத்த பாதங்கள். நரி. அதற்குக் குறுக்கே குட்டிக் குட்டியாக எலியின் தடம். பையன் பதறிப்போனான். "நரி எலியப் புடிச்சிடுச்சாம்மா?" அன்று வேறு எங்கும் போகவில்லை. தவழ்ந்தபடியே எலித் தடத்தின் பின்னால் போனோம். அது ஒரு புதரடிக்குப் போய் வளையில் முடிந்தது. நரித் தடம் வளைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் எல்லாரும் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். மணலில் சூடு ஏறினபோது வளையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு மீசை.

பையன் என் கையை அழுத்தினதை இன்னும் உணர்கிறேன்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, அந்த ஈரத்திலேயே கோதுமை விளைவிக்கிற காதீன் வயல்களைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். அதை இன்னொரு நாள் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தான் போக வசதிப்படாதவர்களுக்கு நம் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு இருக்கிறது. திருச்செந்தூர் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கினால் போதும். செக்கச் செவேலென்ற மணல் மேடுகள், பனையும் குடைவேலுமாக. அங்கேயும் வண்டுத் தடம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறரைக்கே போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டிக்குள் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

வணக்கம்.