சூடு கண்ட செல்

வணக்கம் நேயர்களே. காலையில் காப்பிக்கடையில் காயா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். எனக்குத் தெரியப்போவதில்லை, இருந்தாலும் தூக்குங்கள்.

என்னோடு தினமும் நடக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி, சோயாவை விட்டு, மிளகுத்தூளைத் தூவிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடி கேட்டார்: "ஏங்க, நீங்க உயிரியல் வாத்தியார்தானே? இதத் திரும்பப் பச்ச முட்டையா ஆக்க முடியுமா?" முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் முட்டை ஏன் வெள்ளையாகிறது? புரதம் என்பது ஒரு நீளமான நூல். அந்த நூல் தனக்கே உரிய ஒரு வடிவத்தில் சுருண்டு மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். மடியும்போது தண்ணீருக்கு ஒத்துப்போகாத, எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகளை உள்ளே ஒளித்துக்கொள்ளும். சூடு ஏறினால் மடிப்பு பிரிகிறது, ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்தப் பகுதிகளும் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டி ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது.

முட்டைக்கு இது நடக்க 60 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் உடம்பு 37. நம் சிங்கப்பூர் மதிய வெயிலில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓடினால் 39ஐத் தாண்டலாம். வெந்துபோக மாட்டோம். ஆனால் நம் செல்லுக்குள் இருக்கிற சில மென்மையான புரதங்கள் அதற்குள்ளாகவே தளர ஆரம்பித்துவிடும். அவற்றைக் கட்டியாகாமல் காப்பது யார்? அதுதான் இன்றைய பேச்சு. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்பார்கள். பெயர் சரியில்லை என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை. ஏன் என்று சொல்கிறேன்.

1960களின் தொடக்கம், இத்தாலி. ஃபெருச்சோ ரிட்டோஸா என்ற இளம் ஆய்வாளர் பழ ஈயின் எச்சில் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுரப்பியின் குரோமோசோம்கள் ராட்சத அளவில் இருக்கும். எந்த மரபணு வேலை செய்கிறதோ அந்த இடம் புடைத்துக்கொள்ளும். ஒரு நாள் பார்த்தால் வழக்கமில்லாத இடங்களில் புடைப்பு! என்ன நடந்தது என்றால், கூட வேலை பார்த்த யாரோ ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார்கள். நம் வீட்டில் யாராவது ஏர்கான் ரிமோட்டைத் தொட்டுவிட்டால் எவ்வளவு கோபம் வருகிறது? அவர் கோபப்பட்டுவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருந்தால் இன்று எனக்குப் பேச்சு இல்லை. பெரிய ஆய்விதழ் ஒன்று இதில் முக்கியத்துவம் இல்லையென்று திருப்பி அனுப்பியது. 1962இல் வேறோர் இதழில் வெளிவந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே வெப்பத்தோடு ஒரு வேதிப்பொருளின் பெயரும் இருக்கிறது. செல்லின் சக்தி உற்பத்தியைக் குலைக்கிற பொருள் அது. அதாவது சூடே இல்லாமலும் அதே புடைப்பு வந்தது. புடைத்த அந்த மரபணுக்கள்தான் நம் புரதங்களைச் செய்பவை என்று பிறகு தெரிந்தது. சூடு மட்டும் காரணமில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது, பாருங்கள். இருந்தாலும் "வெப்பம்" என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

உங்கள் கண்ணின் லென்ஸிலும் இந்தக் குடும்பத்துப் புரதம்தான் ஏராளமாக இருக்கிறது. அங்கே என்ன அடுப்பா எரிகிறது? லென்ஸின் மையத்தில் உள்ள புரதங்கள் பிறந்ததிலிருந்து மாற்றப்படுவதே இல்லை. அறுபது எழுபது வருடம் அவை கட்டியாகாமல் இருந்தால்தான் பார்வை தெளிவாக இருக்கும். கட்டினால் அதுதான் கண்புரை. திரும்பவும் சொல்கிறேன்: இவை சூட்டுக்காக வந்தவை அல்ல, மடிப்புக் குலைவதைத் தடுக்க வந்தவை. சூடு அதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

அறிவியலாளர்கள் இவற்றுக்கு சாப்பரோன் என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். பழைய ஐரோப்பாவில் இளம்பெண் வெளியே போனால், தகாத சகவாசம் ஏற்படாமல் கூடவே போகிற பெண்மணி. எனக்கு இதைப் படித்தபோது சங்க அகத்திணைதான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் தோழி இருக்கிறாளே! வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை ஆங்கிலத்தில் சுருக்கி ஹெச்எஸ்பி என்பார்கள். அதில் ஹெச்எஸ்பி-70 என்ற புரதத்தைத் தோழி என்றே வகுப்பில் சொல்வேன். மடிப்பு பிரிந்த புரதத்தின் ஒட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொள்வாள், பிறகு விட்டுவிடுவாள். எப்படி மடிய வேண்டும் என்று சொல்லித்தர மாட்டாள். அது அந்த நூலிலேயே எழுதியிருக்கிறது. கண்டதோடு சேராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. ஹெச்எஸ்பி-60 இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. பீப்பாய் மாதிரி ஓர் அறை, மேலே மூடி. புரதத்தை உள்ளே வைத்து மூடிவிடும். பாக்டீரியாவில் உள்ள இதே வகை அறையை அளந்திருக்கிறார்கள், ஏறக்குறைய 10 விநாடி அடைத்து வைக்கிறது. தனிமையில் ஒழுங்காக மடிந்துகொண்டு வெளியே வா! தலைவியை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பதை இற்செறிப்பு என்று இலக்கணத்தில் படித்தோமே, அதேதான். தமிழாசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கவும், இதை விட எனக்கு மனமில்லை.

சரி, தோழிகள் அதிகமாகத் தேவை என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று குறும்புப் பையன்களை மூன்று அத்தைமார் பிடித்து வைத்திருக்கிறார்கள். திடீரென்று சமையற்கட்டில் ஒரே குழப்பம். அத்தைமார் அங்கே ஓடுகிறார்கள். பையன்கள் மூவரும் ஒன்றுசேர்ந்து மாடிக்குப் போய் மணியை அடிக்கிறார்கள். மணி கேட்டு இன்னும் பத்து அத்தைமார் வருகிறார்கள். குழப்பம் அடங்கியதும் பையன்களை மறுபடி பிடித்துக்கொள்கிறார்கள். செல்லில் ஹெச்எஸ்எஃப்-1 என்ற புரதம்தான் அந்தப் பையன். சும்மா இருக்கும்போது தோழிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள். விட்டால் மும்மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து மணியடிக்கிறது.

இப்போது உடற்பயிற்சி. உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியை விட்டுவிட்டு பன்னிரண்டு மாடி நடந்து இறங்கிப் பாருங்கள். ஏறுவது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது இறங்குவதுதான். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. சின்ன வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அந்தச் சேதமான இழைகளில் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதே பன்னிரண்டு மாடி இறங்கினால் அவ்வளவு வலி இருக்காது. அதற்குப் பல காரணம், இந்தப் புரதங்களும் ஒன்று. எலிகளைக் குளிர்ந்த இடத்தில் ஓடவிட்டு உடம்புச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டபோதும் தசையில் ஹெச்எஸ்பி-70 கூடியது. பெயர் சரியில்லை என்று சொன்னேன் இல்லையா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். சூடு கண்ட செல் சேரும்! செல்களை முதலில் மிதமாகச் சூடாக்கி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு கொல்லக்கூடிய சூட்டில் வைத்தால் நிறைய பிழைக்கின்றன. அந்த ஓய்வு நேரத்தில்தான் தோழிகள் தயாராகிறார்கள். வெயிலுக்குப் பழகுவதும் இப்படித்தான், 10 முதல் 14 நாள் பிடிக்கும். வியர்வை சீக்கிரமாக வரும், இரத்தத்தில் நீர் கூடும், செல்லுக்குள் இந்தப் புரதக் கையிருப்பும் ஏறும். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளில், புதிதாக வந்த ஊழியர்களைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துப் பார்க்கிற வெப்பநிலை 32ஐத் தொட்டால், கடும் வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. குளிர்சாதன அலுவலகத்திலேயே வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடக் கிளம்புகிறவர்களுக்கு விதி போட ஆளில்லை. தலைசுற்றி, பேச்சுக் குழறினால் அது பயிற்சி இல்லை. உடம்பைக் குளிர்வித்து 995ஐ அழையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். புற்றுநோய்ச் செல்லும் இதே தோழிகளை வைத்துத்தான் பிழைக்கிறது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. வயதானால் தசையில் மணியடிப்பது மந்தமாகிறது, அதனால் எங்களைப் போன்றவர்கள் மெதுவாகக் கூட்ட வேண்டும், ஓய்வு நாளையும் நீட்ட வேண்டும்.

ஆங், முட்டை! முடியும், ஓரளவுக்கு. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த வேதியியலாளர்கள் வெந்த முட்டை வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் விட்டு, அதிலிருந்த ஒரு புரதத்தைத் திரும்ப மடிய வைத்தார்கள். 2015இல் அதற்குச் சிரிப்பு நோபல் பரிசுகூடக் கிடைத்தது. நண்பரிடம் சொன்னேன். யூரியா போட்ட முட்டையை யார் சாப்பிடுவது என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு அரைவேக்காடு சொன்னார். வணக்கம்.