ராஜி ஆன பிறகும் வழக்கு இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் பக்கத்துப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர். வேலியோரம் நின்ற சில்வர் ஓக் மரத்தை வெட்டியதில் பேச்சு முற்றி, ஒருவர் மற்றவரை அடித்துவிட்டார். காதோரம் நாலு தையல். ஆஸ்பத்திரி, போலீஸ், எஃப்.ஐ.ஆர். எல்லாம் ஆயிற்று. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வைத்தியச் செலவை வாங்கிக் கொடுத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று அடித்தவர் நினைத்துவிட்டார். சம்மன் வந்தும் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பிடிவாரண்டோடு போலீஸ் வந்து நின்றது. எனக்குப் பதறிப்போய் போன் செய்தவர் அடிபட்டவர்தான். "நாங்கதான் ராஜி ஆயிட்டோமே சார்!" என்றார்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. மனதார மன்னித்த ஒருவருக்கு, அந்த மன்னிப்பை எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருமே சொல்லித் தரவில்லை.

எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதில் சாட்சி. ஊரில் எழுதிய தாளைப் பார்த்து ஸ்டேஷனில் வழக்கை மூட முடியாது. நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும்.

சரி, எப்படி? 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். சாதாரணக் காயம் என்றால் பிரிவு 115(2). காயம்பட்டவரே மாஜிஸ்திரேட் முன் ராஜி சொல்லலாம். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ கொடுங்காயம், பிரிவு 117(2). இதில் ராஜியாக நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ராஜி பதிவானால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மூர் அடிதடி வழக்குகளில் ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), ஆயுதத்தால் தாக்கியதற்கு 118(1) என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். இவை ராஜியாகக்கூடிய பட்டியலில் இல்லை. அப்போது இரு தரப்பும் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். சொந்தத் தகராறுகளை இப்படி முடிக்கலாம், கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றை முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கியான் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதனால் சமரசம் பேச உட்காரும் முன்பே எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, என்னென்ன பிரிவுகள் என்று பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டவர் பெண்ணாகவோ, தோட்டத்தில் கூலிக்குப் போகிறவராகவோ இருந்தால், "பெரிய மனுஷங்க சொல்றாங்க, கையெழுத்துப் போடு" என்று நெருக்குவது நடக்கிறது. அது ராஜி இல்லை. நீதிபதி கேட்கும்போது பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். ராஜியாகக்கூடிய வழக்கை லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் வைக்கலாம்.

அந்த இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மலையிறங்கி வந்தார்கள். முதலில் வாரண்டைத் திரும்பப் பெற மனுப் போட்டோம், அடுத்து ராஜி மனு. உத்தரவு நகல் கைக்கு வந்ததும், அதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.