கென்னடியில் மாறி ஏறிய ரயில்

நேயர்களுக்கு வணக்கம். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஓடிய சின்ன ரயில், ஸ்காபரோ ஆர்.டி. பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அதுதான் போய்விட்டதே, இனி என்ன கதை?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாதையைப் புதுப்பிப்பதா, தூக்கிவிட்டு வேறு கட்டுவதா என்ற வாக்குவாதம் இந்த ஊரில் பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதை நாம் இன்னும் ஒழுங்காகக் கதைக்கவில்லை.

1985 மார்ச்சில் ஓடத் தொடங்கிய பாதை அது. சுரங்க ரயில் முடியும் கென்னடி நிலையத்திலிருந்து மக்கவன் நிலையம் வரை 6.4 கிலோமீட்டர், 6 நிலையங்கள். முதலில் அங்கே ஸ்ட்ரீட்கார், அதாவது டிராம், ஓட்டத்தான் திட்டம். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்ராறியோ அரசு குறுக்கிட்டு, தன் சொந்த நிறுவனம் உருவாக்கிய புதுவகை ரயிலைப் போடச் சொன்னது. உலகத்துக்கு விற்க நினைத்த சரக்கு. எங்காவது ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த இடம் ஸ்காபரோ ஆனது.

அந்த ரயிலில் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் உலோகப் பட்டை நீளத்துக்குக் கிடக்கும். பெட்டியின் அடியிலுள்ள மின்காந்தம் அந்தப் பட்டையின் மீது விசை கொடுத்தே பெட்டியை நகர்த்தும். இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் தடிப்புக்குத்தான் இடைவெளி. இந்தப் பட்டையை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருவேன். பனிக்காலத்தில் இந்த ரயில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பனி கொட்டினால் பாதை படுத்துவிடும். எல்லோரும் இறங்கிப் பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதனால் 'தொழில்நுட்பமே பிழை' என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வான்கூவர் ஸ்கைட்ரெயின் இதே குடும்பத்து ரயில், ஏறக்குறைய இதே வயது. அங்கே அதை நீட்டினார்கள், புதிய பெட்டிகளை வாங்கினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். கோலாலம்பூரின் கெலானா ஜெயா பாதையும் இதே வகைதான். நம்முடையதோ எண்பதுகளில் வாங்கிய அதே 28 பெட்டிகளோடு கிழடானது. ஸ்காபரோவின் வடகிழக்கிலுள்ள மால்வேர்ன் வரை நீட்டும் கதை வெறும் கதையாகவே போய்விட்டது.

2006இல் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. பெட்டிகளின் ஆயுள் முடியப் போகிறது என்று தெரிந்து ஓர் ஆய்வு செய்தார்கள். இதே பாதையை வைத்துக்கொண்டு, வான்கூவரில் ஓடுவதைப் போன்ற பெரிய பெட்டிகளை வாங்கலாம் என்பது அதன் பரிந்துரை. செலவு சுமார் 360 மில்லியன் டாலர். சுலபமான வேலை என்று சொல்ல மாட்டேன். கென்னடிக்குள் நுழையும் வளைவு ஸ்ட்ரீட்காருக்கு என்று போட்ட இறுக்கமான வளைவு. நீளமான பெட்டி அதில் திரும்பாது. அதை உடைத்துக் கட்டும்வரை பாதையை மூட வேண்டும். ஆனாலும் அதைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் செய்யவில்லை? என்னைக் கேட்டால், பாதிக் காரணம் கென்னடி நிலையத்தின் படிக்கட்டுகள்தான். சுரங்க ரயில் கீழே நிற்கும். ஆர்.டி. உச்சியில் நிற்கும். கையில் பிள்ளையும் தோளில் மரக்கறிப் பையுமாக ஏறிப்போனால், மேலே கதவு மூடுகிற சத்தம் கேட்கும். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அந்தப் படிகள், 'உன் ஊர் இரண்டாந்தரம்' என்று தினமும் சொன்னது போலத்தான். எந்திரக் கணக்கு தெரிந்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. அரசியல்வாதிகள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். மேயர் டேவிட் மில்லர் காலத்தில் எல்.ஆர்.டி., அதாவது இலகு ரயில், என்றார்கள். 2010இல் மேயராக வந்த ராப் ஃபோர்ட் சப்வேதான், அதாவது சுரங்க ரயில்தான், வேண்டும் என்றார். 7 நிலையங்களோடு, மாகாண அரசின் முழுச் செலவில் கட்டுவதாக இருந்த எல்.ஆர்.டி.யை 2013இல் நகரசபை கைவிட்டு, 3 நிலையச் சப்வேக்கு மாறியது. அதற்காக நம் வீட்டு வரியில் 1.6 சதவீதம் ஏற்றினார்கள், மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. 2016இல் அது ஒரே நிலையமாகச் சுருங்கியது. 2019இல் டக் ஃபோர்டின் மாகாண அரசு கையில் எடுத்து மறுபடியும் 3 நிலையம் ஆக்கியது. அப்போது சொன்ன தொகை 5.5 பில்லியன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வரைபடம். கீழே அதே கிழட்டுப் பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கடைசியில் 2023 நவம்பரில் மூடுவது என்று நாள் குறித்தார்கள். ரயில் அதுவரை பொறுக்கவில்லை. ஜூலை 24 மாலை, எல்ஸ்மியர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். முதலில் சொன்னேனே அந்த உலோகப் பட்டை, அதைப் பிடித்திருந்த போல்டுகள் தளர்ந்து பட்டை மேலே எழும்பியிருந்தது. ஒரு விரல் தடிப்பு இடைவெளி அதற்கு எப்படிப் போதும்? அதன் பிறகு அந்தப் பாதை திறக்கவேயில்லை. இத்தனை சபைகளும் வாக்கெடுப்புகளும் இருந்தும், தேதியை முடிவு செய்தது தளர்ந்த போல்டு.

சரி, இப்போது அந்தச் சப்வேக்காக, கென்னடியிலிருந்து எக்ளிண்டன், டான்ஃபோர்த், மக்கவன் வீதிகள் வழியாக 7.8 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை கட்டுகிறார்கள். லோரன்ஸ், ஸ்காபரோ சென்டர், ஷெப்பர்ட் என்று 3 நிலையங்கள். ஷெப்பர்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது நல்லதுதான். கென்னடியில் மாறி ஏறும் வேலை இல்லை. நானும் சந்தோஷமாகத்தான் ஏறுவேன். ஆனால் 2030க்கு முன்பு அது ஓடாது. அதுவரை பேருந்துதான். பழைய தண்டவாளப் பாதையில் கென்னடிக்கும் எல்ஸ்மியருக்கும் இடையிலுள்ள பகுதியைப் பேருந்துக்கென்று மாற்றத் தீர்மானித்திருக்கிறார்கள். மிட்லண்ட் நிலையம் அதற்கும் அப்பால் இருக்கிறது. அங்கே இறங்கி வேலைக்கு நடந்தவர்களுக்குச் சப்வேயும் பக்கத்தில் வராது, பேருந்துப் பாதையும் அதுவரை வராது.

நன்றி, வணக்கம்.