இந்தக் குழந்தை யார்? பிரெஞ்சு மொழி உளவியல் ஆய்வு குடும்பங்களிடம் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி

[திரையில்: பாரிஸின் வடகிழக்குப் புறநகரான பொபினி. மழலையர் பள்ளி ஒன்றின் வகுப்பறை.]

வணக்கம். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத ஐந்து வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அதே குழந்தை தாய்மொழியில் ஓயாமல் பேசுகிறது, பாடுகிறது, தம்பியை அதட்டுகிறது. குழந்தைக்குப் பேச்சு வளரவில்லை என்று பள்ளி கருதுகிறது. பள்ளியில் குழந்தைக்கு ஏதோ நேர்கிறது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இரு தரப்பும் பார்ப்பது ஒரே குழந்தையைத்தான். ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான மொழி இல்லை. புலம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த இத்தகைய குழந்தைகள் பிரான்சின் குழந்தை மனநலப் பிரிவுகளுக்குத் தொடர்ந்து அனுப்பப்படுகின்றனர். அவர்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைச் சுற்றிப் பிரெஞ்சு மொழியில் ஓர் ஆய்வு மரபே வளர்ந்திருக்கிறது. அந்த மரபின் வரலாற்றையும், குழந்தைப் பாதுகாப்புக்கு அது எதைத் தந்திருக்கிறது என்பதையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

இதன் வேர்களில் ஒன்று 1934-இல் இருக்கிறது. மானுடவியலாளர் மார்செல் மோஸ் அந்த ஆண்டு பாரிஸில் உளவியல் கழகத்தின் முன் ஆற்றிய உரையில், நடப்பது, நீந்துவது, உறங்குவது, குழந்தையைச் சுமப்பது போன்ற உடல் செயல்கள்கூட ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவை என்று வாதிட்டார். தொட்டில் உள்ள சமூகங்களும் உண்டு, இல்லாத சமூகங்களும் உண்டு. தாயின் உடலோடு ஒட்டிச் சுமக்கப்படும் குழந்தைக்கும் அப்படிச் சுமக்கப்படாத குழந்தைக்கும் உடல் அனுபவமே வேறு. மோஸ் இதைச் சில பத்திகளில்தான் சொல்லிச் சென்றார். ஆனால் குழந்தை வளர்ப்பில் எதை இயல்பு என்று கொள்வது என்ற கேள்வியை உளவியலாளர்கள் இனி எளிதாகக் கடந்துபோக முடியாதபடி அந்த உரை செய்தது.

[திரையில்: செனகல் நாட்டின் வரைபடம். டக்கார் நகரின் ஃபான் மருத்துவமனை.]

அடுத்த கட்டம் ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. பிரெஞ்சு இராணுவ மருத்துவராக இருந்த மனநல மருத்துவர் ஆன்ரி கொலோம் 1950களின் இறுதியில் டக்காரின் ஃபான் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். செனகல் 1960-இல் விடுதலை பெற்றது. நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைக்கும் காலனிய காலத்து முறை அங்கே குணம் தராது என்பதைக் கண்ட கொலோமும் அவருடைய குழுவினரும் மருத்துவமனையின் அமைப்பையே மாற்றினர். நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்க அனுமதிக்கப்பட்டார். கிராமத்து மரத்தடியில் ஊர் கூடிப் பேசும் வழக்கத்தைத் தழுவி, நோயாளிகள், உறவினர்கள், செவிலியர், மருத்துவர்கள் ஆகிய அனைவரும் வட்டமாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடந்தன. மரபு வைத்தியர்களுடன் உரையாடினர். 1965-இல் அந்தக் குழு ஆப்பிரிக்க மனநோயியலுக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கியது.

அந்த இதழின் தொடக்க ஆண்டில் ஆந்த்ராஸ் ஸெம்ப்ளேனியும் ஜாக்லின் ராபேனும் எழுதிய ஒரு கட்டுரை குழந்தைகளைப் பற்றியது. செனகலின் வொலோஃப், லெபு மக்கள் சில குழந்தைகளைத் தனியாக அடையாளம் காண்கின்றனர். அத்தகைய குழந்தையை ‘நித் கு பொன்’ என்கின்றனர். அது அழகான, மெலிந்த குழந்தை, கண்களைத் தாழ்த்தியே இருக்கும், மற்றவர்களோடு விளையாடாது, காரணமின்றி அழும், எளிதில் மனம் புண்படும். குடும்பத்தாரின் பார்வையில் அது சாதாரணக் குழந்தை அன்று. முன்னோர் ஒருவரோ ஓர் ஆவியோ அந்த வடிவில் வந்திருக்கலாம். மனம் நொந்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடலாம். ஆகவே அதை அடிக்கக்கூடாது, கடிந்து பேசக்கூடாது, அதன் எதிரில் அதைப் பற்றி அதிகம் விவாதிக்கவும் கூடாது.

இந்தக் கட்டுரையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஐரோப்பியப் பாடநூலில் உள்ள நோய்ப்பெயர் ஒன்றைக் குழந்தையின் மேல் ஒட்டிவிட்டு நகர்வது அதை எழுதியவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யாமல், இந்தக் குழந்தை யார் என்று குடும்பம் கருதுகிறது, அந்தக் கருத்து குழந்தையைத் தொடும் கைகளையும் பேசும் குரலையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பொறுமையாக விவரித்தனர். குழந்தை வாழும் உலகின் ஒரு பகுதியாகவே அந்த நம்பிக்கை இருக்கிறது. அதை அறியாமல் குழந்தையைப் பரிசோதிப்பவர் குழந்தையின் பாதியைத்தான் பார்க்கிறார்.

அப்படியானால் மருத்துவரின் விளக்கத்துக்கு இடமே இல்லையா? இதற்கு ஒரு வழிமுறையை வகுத்துத் தந்தவர் ஜார்ஜ் தெவெரோ. இன்று ருமேனியாவில் உள்ள லுகோஜ் நகரில் 1908-இல் பிறந்து, அமெரிக்காவின் மொஹாவி பழங்குடியினரிடமும் வியட்நாமின் மலைவாழ் செதாங் மக்களிடமும் ஆய்வு செய்து, 1960களில் பாரிஸில் கற்பிக்கத் தொடங்கியவர் அவர். மனித நடத்தை ஒன்றை முழுமையாக விளக்க உளவியலும் மானுடவியலும் கட்டாயம் தேவை. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் கலந்துவிடக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஒன்றை இறுதிவரை பயன்படுத்த வேண்டும், பிறகு மற்றொன்றை. இன்றும் இந்தத் துறையில் பணியாற்றுவோர் இதையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

[திரையில்: தரையில் கால் நீட்டி அமர்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்ணின் கோட்டோவியம்.]

இந்த மரபு தமிழ்நாட்டையும் தொட்டிருக்கிறது. உளவியலாளர் எலேன் ஸ்டோர்க் தென்னிந்தியாவில் தாய்மார் சிறு குழந்தைகளைப் பராமரிக்கும் விதத்தைப் படம்பிடித்து, அந்தக் காட்சிகளை நுணுக்கமாக ஆராய்ந்து, 1986-இல் நூலாக வெளியிட்டார். கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவி, வெந்நீர் ஊற்றுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருப்போம். உளவியலாளரின் கண்ணுக்கு அது தாய்க்கும் குழந்தைக்கும் இடையே தோல் வழியாகவும் அசைவு வழியாகவும் நடக்கும் நீண்ட உரையாடல். குழந்தையைத் தனி அறையில் தனிக்கட்டிலில் உறங்க வைப்பதே சரியான வளர்ப்பு என்று கற்ற ஐரோப்பிய வாசகருக்கு, தாயின் அருகிலேயே உறங்கும் குழந்தையும் நலமாக வளர்கிறது என்பதைச் சான்றோடு சொல்லவேண்டிய தேவை அப்போது இருந்தது. மருத்துவமனைகளிலும் சமூகநல அலுவலகங்களிலும் அந்தத் தேவை இன்றும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

[திரையில்: பொபினி, அவிசென் மருத்துவமனை.]

இனி பொபினிக்கு வருவோம். பாரிஸ் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கென 1935-இல் திறக்கப்பட்ட மருத்துவமனை இது. 1978 முதல் பாரசீக மருத்துவ மேதை அவிசென்னாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1979-இல், செர்ஜ் லெபோவிசி தலைமை வகித்த குழந்தை மனநலப் பிரிவில், தெவெரோவின் மாணவரும் கெய்ரோவில் பிறந்தவருமான தோபி நாதான், மனத்துன்பத்தை அவரவர் பண்பாட்டோடு சேர்த்துப் புரிந்துகொள்ள முயலும், புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கான முதல் இனமனநல ஆலோசனைப் பிரிவைத் தொடங்கினார். மேசைக்கு அப்பால் அமர்ந்த ஒற்றை மருத்துவருக்குப் பதிலாக ஒரு குழு, குடும்பத்தின் மொழியறிந்த மொழிபெயர்ப்பாளர், வட்டமாக அமைந்த இருக்கைகள் என அவர் உருவாக்கிய அமைப்பில் டக்காரின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

நாதான் 1990களில் எடுத்த நிலைப்பாடுகள் கடும் விவாதத்தைக் கிளப்பின. ஒவ்வொருவரையும் அவரவர் பண்பாட்டின் வைத்திய முறைகளைக் கொண்டே குணப்படுத்த வேண்டும் என்ற திசையில் அவர் நகர்ந்தபோது, மருத்துவரும் சமூக அறிவியலாளருமான திதியே ஃபாசேன் முதலியோர் அழுத்தமான மறுப்பு எழுதினர். ஏழ்மை, நெருக்கடியான குடியிருப்பு, குடியுரிமைச் சிக்கல், இனப்பாகுபாடு ஆகியவற்றால் வரும் துன்பத்தையெல்லாம் பண்பாடு என்ற ஒன்றிலேயே அடக்கிவிடும் ஆபத்து இதில் உண்டு என்பதே மறுப்பின் சாரம். அது நியாயமான எச்சரிக்கை என்றே நான் கருதுகிறேன். மாலியிலிருந்து வந்த தாய் உறக்கமின்றித் தவிப்பதற்கு முன்னோர் ஆவி காரணமாக இருக்கலாம் என்று அவரே நம்பலாம்; ஆனால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதமும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் கேட்பவரே நல்ல மருத்துவர்.

ஸ்பெயினில் பிறந்து சிறுவயதில் பிரான்சுக்கு வந்த மனநல மருத்துவர் மரி ரோஸ் மோரோ, நாதானிடம் பயின்று, அவரிடமிருந்து விலகித் தனக்கென ஒரு வழியை அமைத்தார். அவருடைய குழு குழந்தையைப் பெற்றோரின் உலகத்துக்குள் திருப்பி அனுப்ப முயல்வதில்லை. இரண்டு உலகங்களிலும் நடமாடும் வல்லமையைக் குழந்தைக்குத் தருவதே நோக்கம். புலம்பெயர்ந்தோர் குழந்தைகள் மூன்று கட்டங்களில் எளிதில் பாதிக்கப்படுகின்றனர் என்று மோரோ காட்டினார்: கைக்குழந்தைப் பருவம், எழுத்தும் கணக்கும் கற்கத் தொடங்கும் பருவம், வளரிளம் பருவம். புதிய நாட்டைத் தானே புரிந்துகொள்ளாத தாய், அந்த உலகத்தைக் குழந்தைக்குச் சிறிது சிறிதாக அறிமுகம் செய்ய இயலாமல் தடுமாறுகிறார். பேறுகாலத்தில் உடனிருக்க வேண்டிய அம்மாவும் அக்காவும் அத்தையும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர்.

ஆலோசனை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு, அவர்களை அனுப்பிய ஆசிரியரோ சமூகப் பணியாளரோ வருகிறார். பல நாடுகளில் வேர்கொண்ட இணைச் சிகிச்சையாளர்கள் வட்டமாக அமர்கின்றனர். வட்டத்தின் நடுவில் குழந்தைக்கென ஒரு சிறிய மேசையும் விளையாட்டுப் பொருள்களும் தாளும் வண்ணங்களும் இருக்கும். சந்திப்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீளும். முதன்மைச் சிகிச்சையாளர் மூன்று தளங்களில் கேட்கிறார்: உங்கள் பார்வையில் இந்தக் குழந்தை யார்? இந்த நிலை ஏன் வந்தது? ஊரில் இருந்திருந்தால் இதற்கு என்ன செய்திருப்பீர்கள்? பெற்றோர் தம் மொழியில் பதில் சொல்ல, மற்றவர்கள் தங்கள் ஊர்களில் இத்தகைய நிலையைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை முன்வைக்கின்றனர். எந்த விளக்கமும் தீர்ப்பாகச் சொல்லப்படுவதில்லை. தாயும் தந்தையும் திறமையுள்ள பெற்றோராகப் பேசுவதைக் குழந்தை, பல வேளைகளில் முதல் முறையாக, பிரெஞ்சுப் பேசும் பெரியவர்களின் முன்னிலையில் பார்க்கிறது. பேசாத குழந்தையிடம் மாற்றம் இங்கிருந்து தொடங்கக்கூடும்.

[திரையில்: பல மொழி எழுத்துகள், அவற்றுள் தமிழ்.]

மொழி பற்றிய விவாதம் பிரான்சில் அரசியலாகவும் ஆனது. 2004-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்-அலேன் பெனிஸ்தியின் குழு வெளியிட்ட குற்றத்தடுப்பு முன்வரைவு அறிக்கை, வெளிநாட்டுப் பூர்விகம் கொண்ட தாய்மார் வீட்டில் பிரெஞ்சு மொழியிலேயே பேச வேண்டும் என்ற பொருளில் பரிந்துரைத்தது. மொழியியலாளர்களும் குழந்தை மருத்துவர்களும் கடுமையாக எதிர்த்தனர். தாய் தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசும்போது குழந்தைக்குக் கிடைப்பது வறண்ட, குறைபட்ட பேச்சு மட்டுமே. கதையும் தாலாட்டும் கோபமும் கொஞ்சலும் அவளது முதல் மொழியில்தான் முழுமையாக இருக்கின்றன.

அவிசென் மருத்துவமனையில் மோரோவின் குழு இதற்கு ஆய்வின் வழியாகப் பதில் தேடியது. பள்ளி அளப்பது குழந்தையின் பிரெஞ்சை மட்டுமே என்பதால், வீட்டு மொழியில் குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது எவருக்கும் தெரிவதில்லை. ஆகவே மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளின் தாய்மொழித் திறனை மதிப்பிடும் ‘எலால்’ என்ற கருவியை உருவாக்கினர். தொடக்கத்தில் அதற்கென எடுத்துக்கொள்ளப்பட்ட மொழிகளுள் அரபு, மேற்கு ஆப்பிரிக்க மொழியான சொனின்கே ஆகியவற்றோடு தமிழும் ஒன்று. இலங்கைப் போரினால் 1980கள் முதல் பிரான்சுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பல, பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவை அண்டியும் பொபினி அமைந்துள்ள மாவட்டத்திலும் வாழ்வதால் இது வெறும் தற்செயல் அன்று. தாய்மொழியில் உறுதியாக நிற்கும் குழந்தைக்கு இரண்டாம் மொழியும் கைகூடுகிறது என்பதே இந்த ஆய்வுகள் சுட்டும் திசை. இரண்டு மொழிகளிலும் தடுமாறும் குழந்தைக்குத்தான் உடனடி உதவி தேவை. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாரையும் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதால் குழந்தையின் காலம் வீணாகிறது.

[திரையில்: குழந்தை நல அலுவலகம் ஒன்றின் காத்திருப்பு அறை.]

இவையெல்லாம் மிகக் கூர்மையாக உரசிப் பார்க்கப்படும் இடம் குழந்தைப் பாதுகாப்பு. பிரான்சில் இந்தப் பொறுப்பு மாவட்ட அவைகளிடம் இருக்கிறது. குழந்தையின் உடல்நலமோ பாதுகாப்போ ஆபத்தில் இருந்தால், குடிமைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவின் கீழ் சிறுவர் நீதிபதி தலையிடலாம். மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களில் பிள்ளையை நெருங்கிய உறவினர் வீட்டில் வளர விடுவது நெடுங்காலப் பழக்கம். உறவைப் பலப்படுத்தும் செயலாகவே அதை அவர்கள் காண்கின்றனர். அலுவலகக் கோப்பில் அதுவே கைவிடல் என்று பதிவாகிவிடலாம். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: அடிபடும் குழந்தையைப் பார்த்தும், அது அவர்கள் வழக்கம் என்று ஒதுங்கிவிடுவது. பண்பாட்டின் பெயரால் ஒரு குழந்தைக்குக் குறைந்த பாதுகாப்பைத் தருவதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது. பிள்ளை வளர்ப்பில் வன்முறை கூடாது என்று 2019-இல் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும். அதே வேளை, குடும்பத்திலிருந்து பிரிக்கப்படும் குழந்தைக்கு அதன் மொழி, மதம், பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சி கவனிக்கப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. வளர்ப்புக் குடும்பத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, தாயோடு பேசும் மொழியையே இழந்து நிற்கும் குழந்தைக்கு அந்தப் பிரிவு நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.

பெற்றோரின்றித் தனியாக வந்து சேரும் சிறுவர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயதையும் வந்த வழியையும் பற்றி அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டதால், தங்கள் கதையைச் சொல்வதே அவர்களுக்கு விசாரணையாகிவிட்டது. மோரோ தலைமையேற்ற பாரிஸின் மேசோன் தெ சொலென் என்ற வளரிளம் பருவத்தினருக்கான மையத்தில் ஒரு குழு, கடந்த காலத்துக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று, வருங்காலத்துக்கு ஒன்று என மூன்று பொருள்களைத் தேர்ந்து பேசுமாறு சிறுவர்களை அழைத்தது. மொழிபெயர்ப்பாளரோடு, அவர்களை அன்றாடம் கவனிக்கும் பணியாளரும் உடன் அமர்கிறார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைச் சிறுவனே தீர்மானிக்கிறான்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் இன்றியமையாதவர். மருத்துவத் துறையில் மொழிபெயர்ப்புப் பணியை 2016-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் அங்கீகரித்தது. அதன் தரத்துக்கான வழிகாட்டுதலை உயர் சுகாதார ஆணையம் 2017-இல் வெளியிட்டது. இருந்தும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடங்களில், மூத்த பிள்ளையே தாய்க்கும் மருத்துவருக்கும் இடையில், தாய்க்கும் சமூகப் பணியாளருக்கும் இடையில் நின்று பேசவேண்டி வருகிறது. தம்பியைப் பற்றிய குற்றச்சாட்டைத் தாயிடம் சொல்வதும், தாயின் அழுகையை அதிகாரியிடம் சொல்வதும் அந்தப் பிள்ளையின் வேலையாகிறது. பெற்றோரின் அதிகாரம் பிள்ளையின் கைக்கு மாறுகிறது. பிள்ளை கேட்கக்கூடாதவற்றைக் கேட்கிறது. தாய் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமல் விடுகிறாள். அந்தப் பிள்ளையை விடுவிக்கத்தான் பொபினியின் வட்டத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறது.