வரிசைகள் சமமாக இல்லாதபோது

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய பேச்சு நிரல் எழுதுபவர்களுக்கானது. ஆனால் எக்செல் தாளோடு மட்டும் புழங்குபவர்களும் கூடவே வரலாம், கணக்கு சின்னதுதான். பக்கத்தில் ஒரு காகிதம் இருந்தால் நான் சொல்லும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வெப்பமானிக் கருவிகள் இருக்கின்றன. முதல் கருவி அனுப்பிய அளவீடுகள் 31, 29, 28, 30. இரண்டாவது கருவி 27, 26 என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டது. மூன்றாவது 33, 32, 30. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். இடது ஓரம் நேராக நிற்கும், வலது ஓரம் ஏறி இறங்கும். நிரலில் வரிசையாக அடுக்கிய மதிப்புகளை அரே என்பார்கள். இதை அரேக்குள் அரேயாக வைப்போம். ஜாகெட் அரே என்று இதற்குப் பெயர்.

இதில் ஒரு வரிசை வேண்டுமென்றால் சிரமமே இல்லை. இரண்டாவது கருவியைக் கொடு என்றால் 27, 26 வந்துவிடும். மூன்றாவது நெடுவரிசையைக் கொடு என்று கேட்கும்போதுதான் தகராறு. காரணம், நெடுவரிசை என்ற ஒன்று அங்கே எந்த இடத்திலும் சேமிக்கப்படவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் போய் மூன்றாவது எண்ணைப் பொறுக்கி நாமே அதை உண்டாக்குகிறோம். 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே அரே முழுச் செவ்வகம். ஒரு நெடுவரிசையின் எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்தே உட்கார்ந்திருக்கும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் போட்டால் முகவரி கிடைத்துவிடும். ஜாவாவிலோ பைத்தானிலோ அரேக்குள் அரே வைத்தால் அந்தச் சூத்திரம் செல்லாது. ஒவ்வொரு வரிசையும் தன் நீளத்தைத் தானே வைத்துக்கொண்டு தனித்தனியே கிடக்கிறது.

சரி, இரண்டாவது வரிசையில் மூன்றாவது எண்ணைக் கேட்டால் என்ன ஆகும்? பைத்தானும் ஜாவாவும் பிழை சொல்லி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, அன்டிஃபைன்டு என்று ஒன்றைக் கையில் கொடுத்து நகர்ந்துவிடும். ஆக் மொழியில் வெற்றுச் சரம் வரும். அதைக் கூட்டலில் போட்டால் சுழியாகக் கணக்காகிவிடும். சி மொழி எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. பக்கத்து நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒன்று வரலாம், நிரல் செயலிழக்கவும் செய்யலாம். இவற்றில் நமக்கு நன்மை செய்வது, முகத்துக்கு நேரே பிழை சொல்லி நிற்பதுதான் என்பது என் கட்சி.

யூனிக்ஸின் கட் கட்டளை இன்னும் வேடிக்கை. காற்புள்ளியை வைத்துப் பிரித்து இரண்டாவது புலத்தைக் கேட்டால், காற்புள்ளியே இல்லாத வரியை அது முழுசாக அச்சிட்டுவிடும்! வேண்டாம் என்றால் நாம்தான் எஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

பைத்தானில் பலரும் ஓடுவது ஸிப் என்ற செயற்கூறிடம். எல்லா வரிசைகளையும் அதனிடம் கொடுத்தால் ஒரே வரியில் நெடுவரிசைகள் வந்து விழும். ஆனால் எது குட்டையான வரிசையோ அதோடு அது நின்றுவிடும். நம் உதாரணத்தில் இரண்டு நெடுவரிசைகள் மட்டும் வரும். முதல் கருவியின் 28, 30, மூன்றாவது கருவியின் 30 எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். 2021-இல் வந்த பைத்தான் 3.10-இல் ஸிப்புக்கு ஸ்டிரிக்ட் என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தார்கள். அதைப் போட்டால் நீளம் வேறுபட்டதும் பிழை வரும். பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுதியில் இருக்கும் ஸிப் லாங்கஸ்ட் நேர்மாறு. நீளமான வரிசைவரை போய், இல்லாத இடங்களை நாம் சொன்ன மதிப்பால் நிரப்பும்.

என்ன மதிப்பால் நிரப்புவது? சுழியால் நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது நெடுவரிசை 28, 0, 30 ஆகிறது. சராசரி 19.33. உண்மையில் இருக்கும் இரண்டு எண்களின் சராசரி 29. வெப்பநிலையில் சுழி என்பது வரக்கூடிய அளவுதான் என்பதால், பிறகு யாராலும் போலியைப் பிரித்தெடுக்க முடியாது. நேன் என்ற மதிப்பால் நிரப்புவது இதைவிட நல்லது. எண் அல்ல என்று பொருள்படும் இது, கணினியில் தசம எண்களை வைக்கும் முறையைச் சொல்லும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தில் இடம்பெற்றது. தனக்குத்தானே கூடச் சமமாகாத விசித்திரம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸில் முழு எண் நெடுவரிசைக்குள் ஒரு நேன் நுழைந்தால், வழக்கமாக முழு நெடுவரிசையும் தசம எண்ணாக மாறும். 28 என்பது 28.0 ஆவதில் நஷ்டமில்லை. அதே இடத்தில் நீளமான அடையாள எண்கள் இருந்தால்? 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்கள் எல்லாவற்றையும் அந்த வடிவத்தால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. கடைசி இலக்கம் மாறிப்போகலாம்.

நிரப்பவே வேண்டாம், இல்லாததை விட்டுவிடுவோம் என்பார்கள் சிலர். அப்போது 28, 30 என்று இரண்டு எண்கள் கிடைக்கும். அந்த 30 யாருடையது? மூன்றாவது கருவியுடையது, இப்போதோ இரண்டாம் இடத்தில் நிற்கிறது. விடுவதானால் ஒவ்வொரு எண்ணோடும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்து எடுங்கள்.

தரவு பெரிதாகும்போது தனித்தனி வரிசைகளாக வைப்பது மெதுவாகும். பைத்தானில் எண் அரேக்களுக்கென்றே இருக்கும் நம்பை நூலகமும் கைகொடுக்காது. 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பிலிருந்து, நீளம் ஒவ்வாத வரிசைகளைக் கொடுத்தால், பொருள் வகை (ஆப்ஜெக்ட்) என்று நாமே குறிப்பிட்டாலொழிய, அது பிழை சொல்லும். தரவை நினைவகத்தில் அடுக்கும் முறையான அப்பாச்சி ஆரோ போன்றவை வேறு வழியில் போகின்றன. ஒன்பது எண்களையும் ஒரே நீளமாக அடுக்கு: 31, 29, 28, 30, 27, 26, 33, 32, 30. பக்கத்தில் தொடக்க இடங்களை மட்டும் 0, 4, 6, 9 என்று வைத்துக்கொள். கடைசி 9, எல்லாம் முடியும் இடம். இரண்டாவது வரிசை 4-இல் தொடங்கி 6-க்கு முன் முடிகிறது. எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால் மூன்றாவது எண்ணுக்கு 4-உடன் 2-ஐக் கூட்டுவோம், 6 வரும். அங்கே இருப்பது 33, அதாவது மூன்றாவது கருவியின் முதல் அளவீடு! எந்தப் பிழையும் வராது, எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். கூட்டிய விடை அடுத்த வரிசையின் தொடக்கத்தைவிடக் குறைவா என்று ஒரு சோதனை வைத்தால் போதும். இங்கே 6, 6-ஐவிடக் குறைவில்லை, ஆகவே அந்த இடத்தில் எண் இல்லை.

இத்தனை நேரமும் ஒன்றைக் கேட்காமலே ஒப்புக்கொண்டு பேசிவிட்டேன். இரண்டாவது கருவி விட்டுவிட்டது கடைசி அளவீடுகளைத்தானா? காலை அளவீட்டைத் தவறவிட்டு, நண்பகலில்தான் 27 அனுப்பியிருந்தால்? அப்படியானால் அது முதல் நெடுவரிசையிலேயே சேராது. ஸிப்பாலும் நேனாலும் தொடக்க இடங்களாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அந்தச் செய்தி தரவிலேயே இல்லை. அதனால்தான் இடத்தை நம்பாமல், கருவி, நேரம், அளவு என்று மூன்று புலங்களோடு ஒவ்வொரு அளவீட்டையும் தனிப் பதிவாக வைக்கச் சொல்வேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நண்பகல் நெடுவரிசை வேண்டுமென்றால், நேரம் நண்பகலாக இருக்கும் பதிவுகளை வடிகட்டினால் முடிந்தது. எந்தக் கருவி அந்த நேரத்தில் பேசவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.