காசு கொடுத்து அருகம்புல் வாங்கிய கதை: ஆமைத் தீனி வேலியில், விஷமும் அதே வேலியில்!

(திரையில்: ஒரு விதைப் பாக்கெட். பக்கத்தில் உடைந்த சிமெண்ட் தொட்டி நிறையப் பச்சைப் புல்.)

இந்தப் பாக்கெட்டில் 'பெர்முடா கிராஸ்' என்று போட்டிருக்கிறது, பார்த்தீர்களா? ஆமைக்கு இதை விட்டால் தீனியே இல்லை என்று ஒரு அமெரிக்க வீடியோவில் சொன்னார்கள். நானும் நம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். முளைத்து வந்ததும் எங்கள் ஆச்சி குனிந்து ஒரு கணுவைக் கிள்ளிப் பார்த்தாள். "ஏல, காசு குடுத்து அருகம்புல்லா வாங்குனே?" என்று கேட்டாள்.

அதேதான் மக்களே. பெர்முடா கிராஸும் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லும் ஒரே செடி. பெர்முடாத் தீவுக்கே அது வெளியிலிருந்து போன புல் என்பது இன்னொரு கூத்து.

தின்கிறவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இவர் பெயர் கொழுக்கட்டை. சுல்காட்டா ஆமை. சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம் இவருக்குச் சொந்த ஊர், பாளையங்கோட்டை வெயிலெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டுவார், அதனால் ஆசைப்பட்டு வாங்குமுன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இவரையும் பச்சை இகுவானா என்கிற பெரிய பல்லியையும் போன்ற வெளிநாட்டுப் பிராணிகளை 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் காட்டு நட்சத்திர ஆமையையும் உடும்பையும் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 'ஒரு ஆமை பிடிச்சிருக்கேன், என்ன போடலாம்?' என்று கமெண்டில் கேட்காதீர்கள். வனத்துறைக்குப் போன் போடலாம், அவ்வளவுதான் பதில்.

சரி, தீனிக்கு வருவோம். சுல்காட்டாவுக்குச் சாப்பாடு என்றால் முக்கால்வாசி புல்தான். கீரை நல்லதுதானே என்று தினமும் பாலக்கை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் கூடவே ஆக்சலேட் என்கிற ஒரு பொருளும் இருக்கிறது. சம்பள நாளில் கடன்காரன் வாசலிலேயே நின்று கவரை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி, கால்சியம் உடம்பில் சேருமுன் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் போதாமல் போனால் எலும்பு வலுவிழக்கும், ஆமையின் ஓடே மெத்தென்று ஆகிவிடும். முருங்கை இலையும் செம்பருத்தி இலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். செம்பருத்திப் பூ என்றால் இவர் ஓடியே வருவார். ஆமை ஓடுமா என்று கேட்காதீர்கள், ஓடும்.

அந்தச் செம்பருத்தியில்தான் நான் மாட்டியிருப்பேன். ஒரு நர்சரியில் தொட்டியோடு வாங்கிக் கிளம்பும்போது மண்ணில் மணி மணியாக ஏதோ கிடந்தது. "குருணை மருந்து போட்டிருக்கு, பூச்சியே அண்டாது" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். இது வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்குகிற மருந்து. மேலே தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. பூச்சியைக் கொல்லுகிற இலையை ஆமைக்கு எப்படிப் போடுவது? அந்தச் செடி இப்போது மாடியில் அழகுக்கு நிற்கிறது. தீனிக்கென்று அத்தை வீட்டு மரத்தில் பேனா தடிமனுக்குக் குச்சி வெட்டி, நிழலில் நட்டுத் துளிர்க்க வைத்தேன்.

அருகம்புல்லுக்கும் இதே கதைதான். பிசான நெல்லுக்கு மருந்தடித்த வயலின் வரப்பில் அறுத்து வராதீர்கள். கணுவோடு நாலு கொடியைப் பிடுங்கித் தொட்டியில் வையுங்கள், அது பாட்டுக்குப் படரும்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கள்ளி!

(திரையில்: இரண்டு கள்ளிகள், அருகருகே.)

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டுப் பக்கம் போனால் வேலி நெடுகக் கள்ளி நிற்கும். இடது பக்கம் இருப்பது சப்பாத்திக்கள்ளி. அடை மாதிரித் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று முளைத்திருக்கும். கால்சியம் நிறைந்த தீனி, ஆமைகள் விரும்பித் தின்னும். வலது பக்கம் சதுரக்கள்ளி. இதன் பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம்தான் முள்ளைப் பார்த்துவிட்டு இரண்டையும் கள்ளி என்று கூப்பிடுகிறோம். சங்கப் பாட்டில் வருகிற கள்ளி பால்கள்ளியாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கண்டுபிடிப்பது சுலபம்: கத்தி நுனியால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைப் பால் வந்தால் விட்டுவிடுங்கள், கையையும் கழுவுங்கள்.

சப்பாத்திக்கள்ளியில் சில சமயம் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும். அதை ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இதோ... ரத்தம் மாதிரிச் சிவப்பு! இது சாயப் பூச்சி. இந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்ததோ வேறு வகை. நல்ல சாயம் கிடைக்கவில்லை, பூச்சி மட்டும் கள்ளியைக் காலி பண்ணியது. அட, இதுவும் நல்லதுதானே என்று பிறகு கள்ளியை ஒழிக்கவே பூச்சியைப் பரப்பினார்கள். 1926-ல் அதற்கென்றே இலங்கையிலிருந்து இன்னொரு வகையை இறக்கினார்கள். கள்ளிக்காடுகளை அழித்த அந்தப் பூச்சியை, நான் காலையில் கொழுக்கட்டையின் தட்டுக்காகப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்!

முள்ளுக்கு வழி இருக்கிறது. இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். பெரிய முள்ளை விடக் கண்ணுக்குத் தெரியாத பூமுள்தான் பொல்லாதது. சின்ன வயதில் இந்தப் பழத்தைத் தின்று நாக்கு சிவந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

அதே வேலியில் அரளி நிற்கும், எருக்கு நிற்கும், உன்னிச்செடியும் நிற்கும். எல்லாம் விஷம். அரளி இலை காய்ந்து சருகானாலும் விஷம் போகாது, அதனால் ஆமை உலாவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அரளியே வேண்டாம். கோயில் மாலையைப் பிரித்துப் போடுகிற பழக்கமும் வேண்டாம், அதில் அரளிப்பூ இருக்கும்.

(திரையில்: கொழுக்கட்டை வாட்டிய கள்ளியைக் கடிக்கிறார். நறுக்கென்று சத்தம்.)

இந்தச் சத்தத்துக்காகவே ஒரு லைக் போடலாம். உங்கள் ஊரில் சப்பாத்திக்கள்ளிக்கு வேறு பெயர் உண்டா? எங்கள் ஆச்சி நாகதாளி என்கிறாள். கமெண்டில் எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.